ஊசியில்லா இன்சுலின்: நுரையீரல், குடல், கண் – எந்த வழி யாருக்குத் திறந்திருக்கிறது?

ஆண்டர்சன்பேட்டை: ஊசி இல்லாமல், வாய்வழியே மூச்சோடு உள்ளிழுக்கக்கூடிய இன்சுலின் தூளை இந்தியாவில் இறக்குமதி செய்து விற்பனை செய்ய சிப்லா நிறுவனத்துக்கு மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதி வழங்கியது. 'அஃப்ரெசா' எனப்படும் அந்த மருந்தைப் பற்றிய செய்தி, நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளிடையே எதிர்பார்ப்பை ஏற்படுத்தியது. ஆனால் கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில், அதிலும் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் மிகுந்து வாழும் ஆண்டர்சன்பேட்டை போன்ற பகுதிகளில், இந்தச் செய்தியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டியுள்ளது. புதிய மருந்து உடலுக்குள் நுழையும் வழி நுரையீரல். தங்கவயலில் பல ஆண்டுகள் பூமிக்கடியில் உழைத்தவர்களின் உடலில் முதலில் பழுதுபட்ட உறுப்பும் அதுவே.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023ஆம் ஆண்டில் தெரிவித்தது. இவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும், இரண்டாம் வகையில் கணையம் களைத்துப்போன பலருக்கும் இன்சுலின் தவிர வேறு வழியில்லை. அதை ஊசியால் மட்டுமே செலுத்த வேண்டுமா என்ற கேள்வி, இன்சுலின் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது.

கனடாவின் டொராண்டோ நகரில் 1922 ஜனவரி 11 அன்று 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதே ஆண்டிலேயே மூக்கு வழியாக இன்சுலினைச் செலுத்தும் முயற்சி தொடங்கிவிட்டது. 1920களின் நடுப்பகுதியில் ஜெர்மனியில் உள்ளிழுக்கும் முறை பரிசோதிக்கப்பட்டது. 1931ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கிறிஸ்டி, ஹான்சல் ஆகியோர் முயல்களின் கண்களில் இன்சுலினை விட்டுப் பார்த்தனர். நூறாண்டுகளாக இத்தனை வாசல்களைத் தட்டியும் ஊசியே முதன்மையான முறையாக நீடிப்பதற்குக் காரணம், ஆராய்ச்சியாளர்களின் சோம்பல் அன்று. இன்சுலின் என்ற பொருளின் இயல்பே காரணம்.

விழுங்கினால் ஏன் வேலை செய்வதில்லை?

இன்சுலின் ஒரு புரதம். 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 அமினோ அமிலங்கள் கொண்ட மற்றொரு சங்கிலியும் பிணைந்த மூலக்கூறு அது. நாம் உண்ணும் பருப்பையும் முட்டையையும் என்ன செய்கிறதோ அதையே இரைப்பை இன்சுலினுக்கும் செய்கிறது. அமிலம் அதன் வடிவத்தைக் குலைக்கிறது. பெப்சின், டிரிப்சின் போன்ற செரிமான நொதிகள் அதைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. தப்பிப் பிழைக்கும் சிறு பகுதியும் குடல் சுவரைக் கடப்பது அரிது. பாரசிட்டமால் போன்ற சிறு மூலக்கூறுகளோடு ஒப்பிட்டால் இன்சுலின் பல மடங்கு பெரியது. நீரில் கரையக்கூடியது, கொழுப்புப் படலத்தை ஊடுருவ முடியாதது.

இதைவிடக் கடுமையான சிக்கல் ஒன்று உண்டு. பல மருந்துகளில் இன்று 2 சதவீதமும் நாளை 4 சதவீதமும் உடலில் சேர்ந்தால் பெரிய கேடு நேராது. இன்சுலினில் அந்த இரட்டிப்பு, நோயாளியை மயங்கி விழச் செய்யும். ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்தால் வலிப்பும் நினைவிழப்பும் ஏற்படலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே ஒரு மாற்று வழியில் இன்சுலின் உள்ளே போகிறதா என்பதைவிட, ஒவ்வொரு வேளையும் ஒரே அளவில் போகிறதா என்பதே முக்கியக் கேள்வி. ஊசி இந்தத் தேர்வில்தான் முந்துகிறது.

அப்படியிருந்தும் மாத்திரை வடிவத்தின்மீது மருத்துவ உலகுக்கு இவ்வளவு ஆர்வம் ஏன்? வலியைத் தவிர்ப்பது மட்டும் அன்று நோக்கம். இயற்கையில் கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. ஏறத்தாழ பாதி அங்கேயே பயன்படுகிறது. தோலுக்கடியில் போடும் ஊசி இந்த வரிசையை மாற்றி, உடல் முழுவதும் இன்சுலினைப் பரப்பிய பிறகே கல்லீரலுக்கு அனுப்புகிறது. குடல் வழியாக உறிஞ்சப்படும் இன்சுலின் நேரே கல்லீரலுக்குப் போகும். அதாவது, வேலை செய்யும் மாத்திரை ஒன்று கிடைத்தால், அது ஊசியைவிட இயற்கைக்கு நெருக்கமானதாக இருக்கும்.

பெங்களூருவில் நடந்த முயற்சி

இந்த மாத்திரைக் கனவின் இந்திய அத்தியாயம் எழுதப்பட்டது, தங்கவயலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருவில். கிரண் மஜும்தார் ஷா 1978ஆம் ஆண்டில் தொடங்கிய பயோகான் நிறுவனம், 2004ஆம் ஆண்டில் 'இன்சுஜென்' என்ற பெயரில் மனித இன்சுலினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின், அமெரிக்காவின் நோபெக்ஸ் நிறுவனத்தின் காப்புரிமைகளை 2006ஆம் ஆண்டில் வாங்கி, ஐஎன்-105 என்ற வாய்வழி இன்சுலினை உருவாக்கும் பணியில் இறங்கியது. பின்னாளில் 'டிரெகோபில்' எனப் பெயர் பெற்றது அதுவே.

அதன் உத்தி எளிதாகப் புரியக்கூடியது. இன்சுலின் சங்கிலியில் ஓரிடத்தில், பாதி நீருக்கும் பாதி கொழுப்புக்கும் இசைவான ஒரு சிறு வாலை இணைத்தனர். அந்த வால் நொதிகளிடமிருந்து ஓரளவு காப்பாற்றும். குடல் படலத்தைக் கடக்கவும் உதவும். கூடவே, குடலின் செல்களுக்கு இடையிலான இறுக்கத்தைச் சற்று நேரம் தளர்த்தும் சோடியம் காப்ரேட் என்ற உப்பும் மாத்திரையில் சேர்க்கப்பட்டது. உணவுக்குச் சற்று முன் விழுங்கினால் விரைவாக ரத்தத்தில் கலந்து விரைவாக மறைந்துவிடும் என்பது அதன் சிறப்பு.

மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொண்டு சர்க்கரை கட்டுப்படாத இரண்டாம் வகை நோயாளிகளிடம் இந்தியாவில் நடந்த மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு 2011 ஜனவரியில் வெளியானது. மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில், நிர்ணயித்த இலக்கை மருந்து எட்டவில்லை. இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உள்ளது. மருந்தே இல்லாத போலி மாத்திரை உண்டவர்களுக்கும் எதிர்பாராத அளவு சர்க்கரை குறைந்திருந்தது. பரிசோதனையில் சேர்ந்தவர்களை அடிக்கடி சந்தித்து, உணவையும் நடைப்பயிற்சியையும் பற்றி வலியுறுத்தும்போது அவர்களின் பழக்கமே மாறிவிடுவதுண்டு. தோல்வியடைந்த ஓர் ஆய்வில் கிடைத்த இந்தத் தகவல், வெற்றிபெற்ற சில ஆய்வுகளைவிட நோயாளிகளுக்குப் பயனுள்ளது என்றே சொல்லலாம்.

2012ஆம் ஆண்டில் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் இந்த மருந்துக்காக பயோகானுடன் ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டின் இறுதியிலேயே அந்த அமெரிக்க நிறுவனம் நீரிழிவுத் துறையிலிருந்து விலகும் முடிவை அறிவித்தது. பின்னர் பயோகான் நடத்திய மற்றோர் ஆய்வில், டிரெகோபில் மாத்திரை ஆஸ்பார்ட் என்ற ஊசி இன்சுலினுடன் நேரடியாக ஒப்பிடப்பட்டது. உணவுக்குப் பிந்தைய முதல் கட்டச் சர்க்கரை ஏற்றத்தை மாத்திரை நன்றாகவே கட்டுப்படுத்தியது. ஆனால் 24 வார முடிவில் ஹெச்பிஏ1சி அளவில் ஊசியே முன்னிலை வகித்தது.

பயோகான் மட்டும் தோற்றுவிடவில்லை. உலகின் மிகப் பெரிய இன்சுலின் உற்பத்தியாளரான டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க், ஐ338 என்ற தனது மாத்திரையை 50 நோயாளிகளிடம் 8 வாரம் சோதித்தது. கிளார்ஜின் ஊசிக்கு நிகராகச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியும் 2016ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. உட்கொண்ட இன்சுலினில் நூற்றில் ஓரிரு பங்கே ரத்தத்தை அடைந்ததால், ஒருவருக்குத் தேவைப்பட்ட இன்சுலினின் அளவு மிகப் பெரிதாயிற்று. வணிகரீதியில் அது கட்டுப்படியாகவில்லை. ஒரு குப்பியை 98 பங்கு சாக்கடையில் ஊற்றி 2 பங்கைப் பயன்படுத்துவது போன்ற கணக்கு அது. இன்சுலினே கிடைக்காத நோயாளிகள் உலகில் இருக்கும்போது இது பணக் கணக்கு மட்டும் அன்று. இஸ்ரேலைச் சேர்ந்த ஓராமெட் நிறுவனத்தின் மாத்திரையும் 2023 ஜனவரியில் மூன்றாம் கட்டப் பரிசோதனையில் இலக்கைத் தவறவிட்டது.

கண் வழியாகச் செல்லுமா?

கண்ணில் விடும் சொட்டு மருந்து கண்ணிலேயே நிற்பதில்லை. இமையின் உட்புறப் படலத்திலுள்ள ரத்த நாளங்கள் ஒரு பகுதியை உறிஞ்சுகின்றன. எஞ்சியது, கண்ணின் உள்மூலையில் உள்ள சிறு துளை வழியாகக் கண்ணீர்க் குழாயில் இறங்கி மூக்குக்குச் செல்கிறது. சொட்டு மருந்து விட்ட சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்பு தெரிவது இதனால்தான். மூக்கின் உட்படலம் ரத்த நாளங்கள் நிறைந்தது. இரைப்பையையும் செரிமான நொதிகளையும் தொடாமல் ரத்தத்தை அடைய இது ஒரு குறுக்குவழி என்பதே ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. 1980களில் அமெரிக்காவில் முயல்களிடம் நடந்த ஆய்வுகள் அந்தக் கணிப்பு தவறில்லை என்று காட்டின. கண்ணில் விட்ட இன்சுலின் ரத்தச் சர்க்கரையைக் குறைத்தது.

பின் ஏன் மருந்துக் கடையில் இன்சுலின் சொட்டு இல்லை? எளிய கணக்கு ஒன்று விடை தருகிறது. ஒரு சொட்டு என்பது சுமார் 50 மைக்ரோலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் கொண்ட இன்சுலினில் ஒரு சொட்டில் இருப்பது 5 யூனிட். மனிதக் கண் சுமார் 30 மைக்ரோலிட்டர் மட்டுமே தாங்கும். மீதி கன்னத்தில் வழியும். தாங்கிய பகுதியிலும் சில சதவீதமே ரத்தத்தில் சேரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு வேளைச் சோற்றுக்கு 10 யூனிட் தேவைப்படுபவருக்கு ஒரு யூனிட்கூடக் கிடைக்காது. உறிஞ்சுதலைக் கூட்டுவதற்கு முயல்களில் பயன்படுத்திய சபோனின் போன்ற பொருள்கள் சோப்பின் தன்மை கொண்டவை. அவற்றை நாளுக்கு மூன்று முறை, ஆண்டுக்கணக்கில் கண்ணில் விட்டுக்கொள்வதை எந்தக் கண் மருத்துவரும் ஏற்கமாட்டார். நீரிழிவால் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கும் உறுப்பு கண் என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆகவே சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் வழியாகக் கண் இன்றுவரை ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

எனினும் இன்சுலின் சொட்டு வேறொரு பணியில் கண்ணுக்குள் நுழைந்துவிட்டது. கருவிழியின் மேற்புறத்தில் ஆறாமல் நீடிக்கும் புண்களுக்கு, மிகவும் நீர்த்த இன்சுலின் சொட்டு பயன்படுகிறது. பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 1 யூனிட் என்ற அளவில் இது தயாரிக்கப்படுகிறது. 1945ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் இதுபற்றிய கட்டுரை வந்திருந்தாலும், 2017ஆம் ஆண்டுக்குப் பிறகே இந்த முறை பரவலான கவனம் பெற்றது. இந்தியாவிலும் கண் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தி வருகின்றனர். இங்கு இன்சுலின், சர்க்கரையைக் குறைப்பதற்காக அன்றி, செல்கள் பெருகிப் புண்ணை மூடுவதற்கான தூண்டுகோலாகச் செயல்படுகிறது.

வீட்டில் உள்ள இன்சுலின் குப்பியிலிருந்து எவரும் தாமாகக் கண்ணில் விட்டுக்கொள்ளக் கூடாது. அது பன்மடங்கு செறிவானது. பதப்படுத்தும் வேதிப்பொருள்கள் கலந்தது. கண்ணுக்கான சொட்டு, கிருமி நீக்கிய சூழலில் மருத்துவமனையில் தயாரிக்கப்படுவது.

மூக்குவழி இன்சுலின் ஆய்வுகளும் உறிஞ்சுதல் குறைவு என்ற அதே சுவரில் மோதி நின்றன. வியப்பு என்னவென்றால், இன்சுலினுக்கு நேரெதிராகச் சர்க்கரையை உயர்த்தும் குளுககான் என்ற ஹார்மோன் மூக்கில் தெளிக்கும் தூளாக 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. மயங்கிக் கிடப்பவரைக் காப்பாற்ற ஒருமுறை கொடுக்கும் மருந்துக்கு அளவில் சற்று முன்பின் இருக்கலாம். நாள்தோறும் எடுக்கும் இன்சுலினுக்கு அந்தச் சலுகை இல்லை. தோல் வழியில், ஊசியில்லாமல் அதிர்வலையின் வேகத்தில் மருந்தைச் செலுத்தும் கருவியை மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் உருவாக்கி, நீரிழிவு உள்ள எலிகளில் இன்சுலினைச் செலுத்திச் சோதித்துள்ளனர்.

சந்தையை அடைந்த வழி

நுரையீரலின் காற்றுப் பைகளை விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 750 சதுர அடி வீட்டின் தரை அளவு வரும். அந்தப் பைகளின் சுவர் மிக மெல்லியது. அதை ஒட்டியே ரத்தம் ஓடுகிறது. இன்சுலினுக்கு ஊசியல்லாத வாசல்களில் இதுவே அகலமானது.

முதலில் வந்தது ஃபைசர் நிறுவனத்தின் 'எக்ஸுபெரா'. 2006 ஜனவரியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்று, 2007 அக்டோபரில் கைவிடப்பட்டது. அந்த வகையில் ஃபைசர் 280 கோடி டாலரை இழப்பாகக் கணக்கில் எழுதியது. மருந்து வேலை செய்யாததால் வந்த தோல்வி அன்று அது. கருவி பருமனாக இருந்தது. பொது இடத்தில் எடுத்து உறிஞ்சக் கூச்சப்பட வைத்தது. அளவை யூனிட்டில் சொல்லாமல் மில்லிகிராமில் சொன்னதால் மருத்துவர்களும் நோயாளிகளும் குழம்பினர். அதற்குள் பேனா ஊசியின் முனை 4 மில்லிமீட்டருக்குச் சுருங்கும் காலமும் நெருங்கிவிட்டது.

அடுத்து வந்த மேன்கைண்ட் நிறுவனத்தின் அஃப்ரெசா, 2014 ஜூனில் அமெரிக்க அனுமதி பெற்றது. இதன் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். 4, 8, 12 யூனிட் கொண்ட சிறு குப்பிகளாகத் தூள் கிடைக்கிறது. மூச்சோடு இழுத்த சுமார் 12 நிமிடங்களில் வேலையைத் தொடங்கி, அளவைப் பொறுத்து ஒன்றரை முதல் நாலரை மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. உணவு வேளையில் எடுக்க வேண்டியது இது. முதல் வகை நோயாளிகள் இதனுடன் நீண்டநேரம் செயல்படும் இன்சுலின் ஊசியையும் தொடர்ந்தே ஆக வேண்டும். ஆகவே 'ஊசிக்கு விடுதலை' என்ற தலைப்புகள் பாதி உண்மையே. ஊசியில் ஒவ்வொரு யூனிட்டாகக் கூட்டிக் குறைக்கலாம். இதில் நான்கு நான்காகத்தான் முடியும். இந்தியாவில் இதை விற்பதற்கான ஒப்பந்தத்தை சிப்லா 2018 மே மாதத்திலேயே செய்துகொண்டது. அனுமதி கிடைக்க ஆறரை ஆண்டுகள் ஆயின.

தங்கவயலுக்கு இது ஏன் வேறு செய்தி?

அஃப்ரெசாவின் உறையில் மிகக் கடுமையான வகை எச்சரிக்கை அச்சிடப்பட்டுள்ளது. ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளிட்ட நீடித்த நுரையீரல் நோய் உள்ளவர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது. மூச்சுக்குழாய் திடீரெனச் சுருங்கக்கூடும். புகைபிடிப்பவர்களுக்கும் இது பரிந்துரைக்கப்படுவதில்லை. தொடங்கும் முன்பும், ஆறு மாதம் கழித்தும், பின்னர் ஆண்டுதோறும், ஊதிக் காட்டும் 'ஸ்பைரோமெட்ரி' பரிசோதனை செய்ய வேண்டும்.

இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்ட இடம் கோலார் தங்கவயல். ஆண்டு 1947. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனமும், பின்னர் அரசும் நடத்திய சுரங்கங்களில் தங்கம் படிகக்கல் பாறைக்குள் இருந்தது. அதைத் துளைத்தும் வெடித்தும் எடுத்தபோது எழுந்த தூசியே தொழிலாளரின் நுரையீரலில் படிந்து தழும்பாக இறுகியது. இதில் ஒரு கசப்பான ஒற்றுமை உள்ளது. காற்றுப் பை வரை சென்று சேர்வதற்காக அஃப்ரெசாவின் துகள்கள் 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர் அளவில் தயாரிக்கப்படுகின்றன. சிலிக்கோசிஸை உண்டாக்கும் தூசித் துகள்களில் மிக ஆபத்தானவையும் 0.5 முதல் 3 மைக்ரோமீட்டர் அளவினவே. இன்சுலின் துகள் உள்ளே போனதும் கரைந்துவிடும். கல் துகள் கரைவதே இல்லை.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அன்று 40 வயதில் இருந்த தொழிலாளி இன்று அறுபதைக் கடந்தவர். நீரிழிவு மிகுதியாகத் தலைகாட்டும் வயது அது. சுரங்க வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் சிலிக்கோசிஸ் வெளிப்படலாம், முற்றலாம். 'வயதானதால் வரும் மூச்சிரைப்பு' என்று நினைத்திருப்பவருக்கு உள்ளே இந்த நோய் இருக்கக்கூடும். எனவே சுரங்கத்தில் பணியாற்றிய எவரும் உள்ளிழுக்கும் இன்சுலின் பற்றி மருத்துவரிடம் கேட்கும்போது, எத்தனை ஆண்டுகள் பூமிக்கடியில் வேலை செய்தார், துளையிடும் பணியா, வேறு பணியா என்பதை அவர் கேட்காவிட்டாலும் தாமாகவே சொல்லிவிடுவது அவசியம். மார்பு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் இல்லாமல் இந்த மருந்தைத் தொடங்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. சிலிக்கோசிஸ் காசநோய்க்கு வழிவிடும். கட்டுப்படாத நீரிழிவும் காசநோய்க்கு வழிவிடும். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் ஊசியை 'புதிய மருந்து வரட்டும்' என்று ஒரு மாதம் நிறுத்துவதும் பெரும் கேட்டில் முடியலாம்.

சுரங்கத்தைப் பார்த்திராத அடுத்த தலைமுறையின் நிலை வேறு. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புபவர்கள் இந்த ஊரில் ஏராளம். மதிய இன்சுலினைப் பையில் சுமந்து, பணியிடத்தில் மறைவான இடம் தேடும் அவர்களில், நுரையீரல் நலமாக உள்ள, புகைபிடிக்காத பெரியவர்களுக்கு உள்ளிழுக்கும் தூள் உண்மையிலேயே உதவலாம். அவர்களும் சேமிப்பு முறையைக் கவனிக்க வேண்டும்: பிரிக்காத உறை அறை வெப்பத்தில் 10 நாள் தாங்கும், பிரித்த பட்டையை 3 நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஊசி இன்சுலினைத் தொடர்பவர்கள் கவனிக்க வேண்டியது சிரிஞ்சை. இந்தியாவில் குப்பியில் விற்கப்படும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டது. பேனாவில் உள்ளது 100 யூனிட். 40 யூனிட் குப்பிக்கு அதற்குரிய, சிவப்பு மூடியுள்ள சிரிஞ்சையே கேட்டு வாங்க வேண்டும். பேனா இன்சுலினை அந்தச் சிரிஞ்சில் எடுத்துப் போட்டால் உடலில் இரண்டரை மடங்கு இன்சுலின் சேர்ந்துவிடும்.